குடல் அழற்சி நோயும் குடலில் வாழும் பாக்டீரியாவும்: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். ‘குடல் அழற்சி நோய்’ என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு வருகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான கேள்விகள் சாப்பாட்டைப் பற்றியவை. அவற்றுக்கு உருப்படியாகப் பதில் சொல்ல வேண்டுமானால், பாக்டீரியா குடலின் உட்சுவரை என்ன செய்கிறது என்பதைப் பேசாமல் முடியாது. மருந்தைத் தொடங்குவது, மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் மருத்துவரின் பொறுப்பு. அதில் நான் தலையிடுவதில்லை.

அல்சரும் குடல் அழற்சி நோயும் ஒன்றா?

இல்லை. நம் ஊரில் வயிற்றில் எது வந்தாலும் அல்சர்தான். உண்மையில் அந்தப் பெயருக்குரியது இரைப்பையிலோ அதை அடுத்த சிறுகுடல் முனையிலோ வரும் புண். குடல் அழற்சி நோய் வேறு. அதில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. அல்சரேட்டிவ் கோலைடிஸ் பெருங்குடலின் உட்படலத்தை மட்டும் தாக்கும். மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும். கிரோன் நோய் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம். சுவரின் முழுத் தடிமனையும் தாக்கக்கூடும். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடம் அதற்குப் பிடித்தமான இடம். 1932-ல் நியூயார்க் மருத்துவர்கள் கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் இந்த நோயை விவரித்து எழுதினார்கள். அகரவரிசையில் முன்னால் நின்றதால் பெயர் கிரோனுக்குப் போனது. இந்தியாவில் கிரோனைவிட அல்சரேட்டிவ் கோலைடிஸ் அதிகம்.

ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோய்க்குறியும் வேறு. அதில் வலி, வயிற்றுப்போக்கு எல்லாம் இருக்கும்; குடலில் புண் இருக்காது. அழற்சி இருந்தால் மலத்தில் கூடும் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்த்தால் இரண்டையும் பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

மலத்தோடு ரத்தம் போகிறது. மூலம் என்று ஒரு வருடமாக மருந்து சாப்பிட்டேன். தவறா?

பஸ் நிலையச் சுவர்களில் ‘மூலம், பௌத்திரம்’ விளம்பரத்தைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. ரத்தம் என்றதும் அந்த எண்ணம் வருவதில் வியப்பில்லை. ஆனால் ரத்தத்தோடு சளியும் போனால், இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து ஓட வேண்டியிருந்தால், எடை குறைந்தால், அது மூலமாக மட்டும் இருக்காது. பௌத்திரம் மீண்டும் மீண்டும் வந்தால் கிரோன் நோய் பின்னால் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். அறுத்த இடத்திலேயே திரும்பத் திரும்ப அறுத்துக்கொள்வதற்கு முன், கேமராக் குழாயால் பெருங்குடலின் உள்ளே பார்க்கும் கொலோனோஸ்கோபி ஒன்று செய்துகொள்ளுங்கள்.

பாக்டீரியா என்றால் நோய்தானே தரும்? அதற்குக் குடலில் என்ன வேலை?

நம் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன என்று 2016-ல் வந்த ஒரு கணக்கு சொல்கிறது. நம்முடைய சொந்த உயிரணுக்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அதே அளவுதான். பாக்டீரியா பத்து மடங்கு அதிகம் என்று மேடைகளில் இன்னும் சொல்கிறார்கள். அது பழைய கணக்கு. இவற்றில் மிகப் பெரும்பங்கு பெருங்குடலில் வாழ்கிறது.

நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தும் ஒருவகை மாவுச்சத்தும் பெருங்குடலுக்குப் போய்ச் சேரும்போது, அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைத்துச் சில கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. அவற்றில் முக்கியமானது பியூட்டிரேட். பெருங்குடலின் உட்படல உயிரணுக்கள் தங்கள் எரிசக்தியில் ஏறத்தாழ 70 சதவீதத்தை இதிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. மற்ற உறுப்புகள் பெரும்பாலும் ரத்தத்தில் வரும் சத்தை நம்பியிருக்க, இந்தப் படலம் தன் சாப்பாட்டில் பெரும்பகுதிக்குப் பாக்டீரியாவை எதிர்பார்க்கிறது. மீதி எல்லாம் இதிலிருந்து கிளைப்பவைதான்.

உட்படலம் என்கிறீர்களே, அது எப்படி இருக்கும்?

ஒரே ஒரு வரிசை உயிரணுக்கள். நம் உடலுக்கும் மலத்துக்கும் நடுவே இருக்கும் சுவர் அவ்வளவுதான். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை இந்த வரிசை உதிர்ந்து புதிதாக முளைக்கிறது. பக்கத்துப் பக்கத்து உயிரணுக்களைக் கிளாடின், ஆக்லுடின் போன்ற புரதங்கள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. பத்தமடைப் பாயின் கோரைகளைப் போல நெருங்கி இருக்கும் வரை சத்துக்கு வழி உண்டு, கிருமிக்கு வழி இல்லை. அழற்சி வந்தால் பின்னல் தளர்கிறது.

அந்த வரிசைக்கு மேலே கோழைப் பூச்சு இருக்கிறது. பெருங்குடலில் இது இரண்டு அடுக்கு. வெளி அடுக்கு தளர்வானது. பாக்டீரியா அதில் தாராளமாகக் குடியிருக்கும். உள் அடுக்கு கெட்டியானது. ஆரோக்கியமான குடலில் அதில் பாக்டீரியா அநேகமாக இருக்காது. 2008-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் எலிகளிடம் இதைக் காட்டினார்கள். அல்சரேட்டிவ் கோலைடிஸ் தீவிரமாக இருக்கும்போது இந்த உள் அடுக்கு மெலிந்து, பாக்டீரியா நேராக உயிரணுவின்மேல் வந்து உட்காருகிறது. நோயெதிர்ப்பு அணுக்கள் அதைப் படையெடுப்பு என்று எடுத்துக்கொண்டு தாக்குகின்றன. அடிபடுவது பாக்டீரியா மட்டுமல்ல, சுவரும்தான்.

சிறுகுடலில் ஏற்பாடு வேறு. அங்கே கோழை ஒற்றை அடுக்குதான். பள்ளங்களின் அடியில் இருக்கும் பேனத் உயிரணுக்கள் கிருமிநாசினிப் புரதங்களைச் சுரந்து கூட்டத்தைக் கட்டுக்குள் வைக்கின்றன. சிறுகுடலின் கடைப்பகுதியில் வரும் கிரோன் நோயில் இந்தக் காவல் பலருக்குக் குறைந்திருக்கிறது.

நோய் வந்தவர்களின் குடலில் பாக்டீரியா எப்படி மாறுகிறது?

வகைகள் குறைகின்றன. குறிப்பாக பியூட்டிரேட் தயாரிக்கும் ஃபீகாலிபாக்டீரியம் பிராஸ்னிட்ஸி, ரோஸ்புரியா போன்றவை மெலிகின்றன. 2008-ல் பிரான்சில் வெளியான ஆய்வு ஒன்று, கிரோன் நோய்க்காகக் குடலை வெட்டிய இடத்தில் ஃபீகாலிபாக்டீரியம் குறைவாக இருந்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று கண்டது. இன்னொரு பக்கம் ஈகோலை குடும்பத்தைச் சேர்ந்தவை பெருகுகின்றன. கிரோன் நோயாளிகள் சிலரின் சிறுகுடலில், உட்படலத்தில் ஒட்டிக்கொண்டு உள்ளேயும் நுழையக்கூடிய ஈகோலை வகை ஒன்று இருக்கிறது.

இந்த இடமாற்றத்துக்கு ஒரு முக்கியக் காரணம் ஆக்சிஜன் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உட்படல உயிரணு பியூட்டிரேட்டை எரிக்கும்போது நிறைய ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. அதனால் குடலின் உள்வெளியில் ஆக்சிஜன் அநேகமாக இருப்பதில்லை. பியூட்டிரேட் தரும் பாக்டீரியாக்களுக்கு அதுதான் சொர்க்கம். ஆக்சிஜன் பட்டால் அவை செத்துவிடும். பியூட்டிரேட் குறைந்தால் உயிரணு வேறு வழியில் எரிசக்தி தேடுகிறது, ஆக்சிஜன் மிஞ்சிக் குடலுக்குள் கசிகிறது. ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாழத் தெரிந்த ஈகோலை இனங்கள் அப்போது கொழிக்கின்றன. நல்லவை மேலும் குறைய, பியூட்டிரேட் மேலும் குறைகிறது. ஒருமுறை சுற்றத் தொடங்கிய சக்கரம் தானாக நிற்பதில்லை. ‘கெட்ட கிருமி ஒன்று புகுந்துவிட்டது, அதைக் கொன்றால் சரியாகிவிடும்’ என்ற கணக்கு இங்கே செல்லுபடியாகாதது இதனால்தான்.

பாக்டீரியா மாறியதால் நோயா, நோய் வந்ததால் பாக்டீரியா மாறியதா?

இரண்டும் நடக்கிறது. பாக்டீரியா இல்லாமல் நோய் இல்லை என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. குடல் அழற்சி தானாக வரும்படி மரபணு மாற்றிய எலிகளைக் கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்தால் அவற்றுக்கு நோய் வருவதில்லை. பெல்ஜியத்தில் 1991-ல் வெளியான ஆய்வு மனிதர்களிடமே இதைக் காட்டியது. கிரோன் நோயாளிகளுக்குக் குடலை வெட்டி இணைத்தபின், மலம் அந்த இணைப்பு வழியாகப் போகாமல் வயிற்றின் வெளியே திருப்பிவிட்டிருந்த வரை அந்த இடம் சுத்தமாக இருந்தது. பாதையைத் திறந்துவிட்டதும் புண் திரும்பியது.

சுவரின் தளர்ச்சியும் சிலருக்கு முன்கூட்டியே தெரிகிறது. நோயாளிகளின் நெருங்கிய ரத்த உறவினர்களைக் கனடாவை மையமாகக் கொண்டு பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2020-ல் வெளியானது. குடல் கசிவு அதிகமாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் கிரோன் நோய் வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது.

மரபணுவுக்கும் பங்குண்டு. பாக்டீரியாச் சுவரின் துணுக்குகளை அடையாளம் காணும் நாட்2 மரபணுவுக்கும் கிரோன் நோய்க்கும் உள்ள தொடர்பு 2001-ல் தெரிந்தது. ஐரோப்பியர்களிடம் கண்ட அந்த மாற்றங்கள் இந்திய நோயாளிகளிடம் மிக அரிது. ஆகவே வெளிநாட்டு மரபணுப் பரிசோதனைப் பெட்டிக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

எனக்குக் கிரோன் என்கிறார் ஒரு டாக்டர், குடல் காசநோய் என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?

இருவர்மேலும் கோபப்படாதீர்கள். குடல் காசநோயும் அதே இடத்தில், சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் முனையில்தான் அதிகம் வரும். கொலோனோஸ்கோபியில் இரண்டும் அண்ணன் தம்பி போல் தெரியும். பிரித்துச் சொல்வது இந்திய மருத்துவர்களுக்கு அன்றாடத் தலைவலி. மாலைக் காய்ச்சல், வயிற்றில் நீர் கோர்ப்பது, நெஞ்சு எக்ஸ்ரேயில் பழைய தழும்பு ஆகியவை காசநோய்ப் பக்கம் சாய்க்கும். பயாப்சியிலும் முடிவு கிடைக்காதபோது, காசநோய் மருந்தைக் கொடுத்து இரண்டு மாதத்தில் மீண்டும் உள்ளே பார்ப்பார்கள். புண் ஆறியிருந்தால் காசநோய். ஆறவில்லை என்றால் கிரோன் பக்கம் திரும்புவார்கள்.

காசநோய் இருப்பவருக்கு நோயெதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டோ இன்ஃப்ளிக்சிமாப் ஊசியோ போட்டால் விபரீதம். அதனால்தான் அந்த ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கேட்கிறார்கள். அலைக்கழிக்கிறார்கள் என்று நினைத்து வேறு இடம் தேட வேண்டாம். பெரியாஸ்பத்திரிக்கோ வெளியூருக்கோ போகும்போது முதல் கொலோனோஸ்கோபி அறிக்கை, படங்கள், பயாப்சி முடிவு மூன்றையும் கையோடு கொண்டு போங்கள். வீட்டில் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு ‘எல்லாம் நார்மல் என்றார்கள்’ என்று சொல்வதால் யாருக்கும் பயன் இல்லை.

பழைய சோறு சாப்பிடலாமா? ஆச்சி அதுதான் மருந்து என்கிறார்.

ஆச்சி சொல்வதில் சாரம் இருக்கிறது. மருந்து என்பதுதான் மிகை. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடல் பாக்டீரியாவுக்குத் தீனியாகப் போவது இதுதான். இரவு முழுவதும் ஊறும்போது லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பு ஏறுகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குடல் நோயையும் பழைய சோற்றையும் இணைத்து ஆய்வே நடந்திருக்கிறது. நோய் அடங்கியிருக்கும் காலத்தில் தாராளமாகச் சாப்பிடலாம் என்பது என் கருத்து.

ஆனால் செய்முறையில் கவனம் வேண்டும். அசத்தியோபிரின், ஸ்டீராய்டு, ஊசி மருந்து எடுப்பவர்களுக்கு நோயெதிர்ப்பு அடங்கியிருக்கும். சோற்றை மாலை வரை சூடாக மூடிவைத்து, பிறகு குழாய்த் தண்ணீரை ஊற்றுவது வேண்டாம். வடித்த சோற்றை அகலத் தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆற்றி, கொதித்தாறிய தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையிலேயே முடித்துவிடுங்கள். தாமிரபரணித் தண்ணீர் என்று எவ்வளவு பெருமை இருந்தாலும் கொதிக்க வைத்துத்தான் ஆக வேண்டும். கடித்துக்கொள்ளும் சின்ன வெங்காயத்தில்தான் பலருக்குச் சிக்கல்: அதிலுள்ள பிரக்டான் என்ற நார் வாயுவைக் கிளப்பும். நோய் கிளம்பியிருக்கும் நாட்களில் வெங்காயத்தை விட்டுவிட்டு மோர் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவர்கள் அதையும் தவிர்க்கலாம்.

அப்படியானால் நார்ச்சத்தை அள்ளிச் சாப்பிட வேண்டியதுதானே?

ஆளைப் பொறுத்தது. நார் கிடைக்காத பாக்டீரியாக்கள் கோழைப் பூச்சையே தின்னத் தொடங்குகின்றன என்று 2016-ல் எலிகளிடம் நடந்த ஒரு சோதனை காட்டியது. எனவே மைதா பரோட்டாவும் பாக்கெட் பிஸ்கட்டுமாக நாளை ஓட்டுவது உட்படலத்துக்கு நல்லதல்ல. ஆனால் நாரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களே குறைந்து போன குடலில், செரியாத பிரக்டான் வகை நார் அழற்சியைத் தூண்டக்கூடும் என்று கனடா ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தீனி போட்டால் போதாது, தின்ன ஆள் இருக்க வேண்டும்.

நடைமுறையில் நான் சொல்வது இது. நோய் தீவிரமாக இருக்கும்போது குழைந்த சோறு, பாசிப்பருப்பு, தோல் நீக்கி வேகவைத்த காய், பழுத்த வாழைப்பழம், முட்டை. அடங்கியபின் வாரத்துக்கு ஒரு புதுப் பொருளாக அவியல், கீரை, கேழ்வரகு, கம்பு என்று கூட்டிக்கொண்டே போகலாம். எத்தனை வகைச் செடி உணவு உள்ளே போகிறதோ அத்தனை வகைப் பாக்டீரியாவுக்கு வாழ வழி கிடைக்கும்.

கிரோன் நோயால் குடல் சுருங்கியிருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. பொங்கல் சமயத்தில் சந்தையில் பனங்கிழங்கு குவியும். அவித்து நார் உரித்துத் தின்றாலும் நடுவில் நூல் நூலாக மிஞ்சுவது சுருங்கிய இடத்தில் போய் அடைக்கும். பலாச்சுளை, முருங்கைச் சக்கை, கரும்புச் சக்கை ஆகியவையும் அப்படியே. பதநீரும் நுங்கும் வேறு கதை. நுங்கைத் தோல் நீக்கிச் சாப்பிடலாம், பதநீரை நம்பிக்கையான இடத்தில் அளவோடு குடிக்கலாம்.

மருந்துக்கடையில் ‘நல்ல பாக்டீரியா’ மாத்திரை விற்கிறார்கள். வாங்கலாமா?

பெரும்பாலும் வீண் செலவு. கிரோன் நோயில் இவை பலன் தந்ததற்கு நம்பத்தக்க சான்று இல்லை. அல்சரேட்டிவ் கோலைடிஸில் சில குறிப்பிட்ட கலவைகளுக்கு மட்டும் ஓரளவு ஆதாரம் உண்டு; நோய் அடங்கியபின் அதை அப்படியே வைத்திருக்க ஈகோலை நிஸ்லே 1917 என்ற வகை, இந்த நோய்க்கு வழக்கமாகத் தரும் மெசலமின் மருந்துக்கு ஈடாக இருந்ததாக ஐரோப்பிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆம், ஈகோலையிலும் நல்லது உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில், சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு வந்தும் தனக்கு வராத ஒரு ஜெர்மன் சிப்பாயிடமிருந்து எடுத்தது அது. வகைப் பெயரே போடாமல் ‘கோடிக்கணக்கான நல்ல கிருமிகள்’ என்று மட்டும் அச்சிட்ட டப்பாவுக்கு இந்த ஆதாரம் எதுவும் பொருந்தாது.

தயிர்?

சாப்பிடலாம். ஒத்துக்கொண்டால் நல்ல உணவு. மருந்தல்ல.

மலத்தை மாற்றிச் செலுத்தும் சிகிச்சை பற்றிக் கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. ஆரோக்கியமானவரின் மலத்தைப் பரிசோதித்துச் சுத்திகரித்து நோயாளியின் குடலுக்குள் செலுத்துவார்கள். 2017-ல் ஆஸ்திரேலியாவில் அல்சரேட்டிவ் கோலைடிஸ் நோயாளிகளிடம் நடந்த சோதனையில், எட்டு வாரத்தில் 27 சதவீதம் பேருக்கு ஸ்டீராய்டு இல்லாமலே நோய் அடங்கியது. போலிச் சிகிச்சை பெற்றவர்களில் அது 8 சதவீதம். லூதியானாவிலும் டெல்லியிலும் இந்திய மருத்துவர்கள் இதை ஆய்ந்திருக்கிறார்கள். ஆனாலும் இந்த நோய்க்கு இது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசிலி என்ற கிருமித்தொற்று மீண்டும் மீண்டும் வருபவர்களுக்குத்தான் உறுதியான பலன். வீட்டில் முயல்வது ஆபத்து. கொடுப்பவரின் நோய்களும் சேர்ந்து வரும்.

வயிற்றுப்போக்கு வந்தால் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. பியூட்டிரேட் தருபவையும் அதில் அழிகின்றன. மேலே சொன்ன டிஃபிசிலி கிருமிக்கு இடம் காலியாகிறது. மூட்டுவலிக்குப் போடும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவையும் உட்படலத்தை நேரடியாகப் புண்ணாக்கி, அடங்கிய நோயைக் கிளப்பக்கூடும். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் போதும். அதற்கும் அடங்காவிட்டால் டாக்டரிடம் போங்கள்.

குடலைச் சுத்தம் செய்ய விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்கலாமா?

கூடாது. ஏற்கெனவே புண்ணான சுவரை இன்னும் தேய்த்து என்ன சுத்தம் காணப் போகிறோம்?

நன்றாக இருக்கிறேன், ரத்தம் நின்றுவிட்டது. மாத்திரையை நிறுத்திவிட்டு உணவிலேயே சமாளிக்கலாமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கண்டிப்பானவள். ரத்தம் நிற்பதும் உட்படலம் ஆறுவதும் ஒன்றல்ல. வெளியே அமைதியாகவும் உள்ளே புண்ணாகவும் மாதக்கணக்கில் இருக்கலாம். ஆறாத உட்படலத்தில் நல்ல பாக்டீரியா குடியேறுவதும் கடினம். மருந்து அழற்சியை அடக்கினால்தான் நீங்கள் தின்னும் கீரைக்கும் கம்புக்கும் வேலை இருக்கும். கால்ப்ரொடெக்டின் பார்த்துக்கொண்டு, மருந்தைக் குறைப்பதா வேண்டாமா என்பதை மருத்துவரோடு முடிவு செய்யுங்கள். அசத்தியோபிரின் எடுப்பவர்கள் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. நம்மவர்களில் சிலருக்கு மரபணுக் காரணத்தால் அந்த மருந்தில் வெள்ளணு சட்டென்று இறங்கிவிடும். பெருங்குடல் முழுவதும் நோய் இருந்து எட்டு ஆண்டு ஆனவர்கள் புற்றுநோய்க் கண்காணிப்புக்காகக் கொலோனோஸ்கோபியும் செய்ய வேண்டும்.

எந்த அறிகுறி வந்தால் காத்திருக்கக் கூடாது?

ஒரே நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போவது, அதோடு காய்ச்சலோ நெஞ்சுப் படபடப்போ சேர்வது, வயிறு உப்பிக் கல்லாவது, வாந்தியோடு வாயு பிரியாமல் நிற்பது. இவற்றில் எதுவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கல்யாண வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியுமா? மறுவீட்டுச் சொதியை எப்படி விடுவது?

விட வேண்டியதில்லை. நோய் அடங்கியிருந்தால் சொதி மோசமான தேர்வல்ல: பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, கேரட் எல்லாம் நன்றாக வெந்திருக்கும். தேங்காய்ப்பால் கொழுப்பு மிகுந்தது. சிறுகுடலின் கடைப்பகுதியை வெட்டியவர்களுக்கு அது பேதியாகலாம், அவர்கள் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்ளட்டும். முருங்கைக்காயைச் சப்பிவிட்டுச் சக்கையை இலையில் ஒதுக்குங்கள். இஞ்சிப் பச்சடி காரம் பலருக்கு ஒத்துக்கொள்ளாது. தொட்டுப் பார்த்து முடிவு செய்யலாம். பரிமாறுகிறவர் மதினியோ சித்தியோ ‘ஒரு கை போட்டுக்கோ’ என்று வற்புறுத்தினால், வயிற்றுக்கு மருந்து சாப்பிடுவதாகச் சொல்லிவிடுங்கள். மூடி மறைத்து மூன்று கரண்டி வாங்கிக்கொண்டு, மறுநாள் காலை எனக்குப் போன் செய்வதைவிட அது எளிது.